என்64 குச்சி நிமிர்ந்தது, கோல்டன்ஐ திரும்ப வந்தது

ஒருவழியாக என் பழைய வீடியோ கேம் மெஷினான நின்டென்டோ 64-ன் (என்64) கன்ட்ரோலரில், கட்டைவிரலால் தள்ளும் குச்சி நிமிர்ந்துவிட்டது. கன்ட்ரோலரைக் காதோரம் வைத்து உலுக்கினாலும் லொடலொடப்பு இல்லை. நேற்று ராத்திரி கோல்டன்ஐ 007 என்ற ஜேம்ஸ் பாண்ட் சுடும் ஆட்டத்தில் முதல் கட்டமான அணை மேல் நின்று, தூரத்துக் கோபுரத்தில் இருந்தவனை ஸ்னைப்பரில் ஒரே குண்டில் சாய்த்தேன். பழைய குச்சியில் அது நடக்கிற காரியமே இல்லை.

மெஷின் சாச்சா துபாயிலிருந்து கொண்டுவந்தது. பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறை மாடல் என்பதால் நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகலாம், கன்வெர்ட்டர் தொல்லை கிடையாது. படம் 50 ஹெர்ட்ஸில் ஓடும், அமெரிக்க மாடலின் 60 வராது. எனக்கு அந்த வேகம்தான் பழக்கம்.

கீழக்கரையில் கடலோரம் வீடு இருந்தால் எந்த எலெக்ட்ரானிக் சாமானுக்கும் ஆயுள் பாதிதான். ஆட்டம் இருக்கும் கேசட்டின் பின்கள் கறுத்து, பக்கத்தில் பச்சையாகக் களிம்பு தட்டியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்துத் துடைத்தேன், சரியாகிவிட்டது. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மேலே இருக்கிற தங்கப் பூச்சு போனால் போனதுதான். இந்த கேசட்டில் சேவ் இருப்பது ஈஈப்ராம் என்ற, கரண்ட் இல்லாமலே நினைவில் வைக்கும் சிப்பில், பேட்டரியில் இல்லை. அதனால் காக்கா (அண்ணன்) அந்தக் காலத்தில் முடித்து வைத்த ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை, அடுத்த ஃபோல்டரில் ஆடுகிறேன்.

இனி குச்சிக்கு வருகிறேன். உள்ளே இருப்பது ஆப்டிகல் வேலை. குச்சியின் அடிமுனை இரண்டு வளைந்த கியர்களின் பிளவுக்குள் நுழைந்து நிற்கும். குச்சி சாய்ந்தால் கியர் அசையும், கியர் துளை போட்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அந்தத் துளைகளில் வெளிச்சம் விட்டு விட்டு விழுவதைச் சென்சார் எண்ணும். கோளாறு சென்சாரில் இல்லை. குச்சி உட்காரும் கிண்ணம் பிளாஸ்டிக், குச்சியும் பிளாஸ்டிக். இரண்டும் உரசி உரசி வெள்ளைத் தூளாக உதிரும். திறந்தபோது உள்ளே கோலமாவு கொட்டினதுபோல் கிடந்தது. பிளவு அகலமாகிக் குச்சி தொங்கிவிடும், எவ்வளவு தள்ளினாலும் பாதி வேகத்துக்கு மேல் ஆள் திரும்ப மாட்டான்.

கிண்ணத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். போதாது. புதுக் கிண்ணம் போட்டதும் உரசல் நின்றது, குச்சியின் தளர்ந்த ஆட்டம் நிற்கவில்லை. அந்த ஆட்டம் கியரின் பிளவில் இருக்கிறது. குச்சியின் அடிமுனையில் சூடு காட்டினால் சுருங்கும் மெல்லிய ஹீட்ஷ்ரிங்க் குழாயை நறுக்கிப் போட்டு, சுருக்கி, பிளவில் நுழைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தடித்தால் குச்சி நடுவுக்குத் திரும்பாது, கொஞ்சம் மெலிந்தால் பழைய கதைதான். பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சீவி, போட்டு, கழற்றி, திரும்பச் சீவி... இந்த ஒரு வேலைக்கே பொறுமை மொத்தமும் போய்விட்டது. கடைசியில் துளி சிலிக்கான் கிரீஸ். தையல் மெஷின் எண்ணெயைத் தயவுசெய்து விடாதீர்கள், தூசியை இழுத்துப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

இன்னொன்று. மெஷினை ஆன் செய்யும்போது குச்சியில் கை படக்கூடாது. அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். பட்டுவிட்டால் எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரி.

வெளிச்சத்துக்குப் பதிலாகப் பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோ வால்யூம் திருகில் இருப்பது) வைத்த புதுமாதிரிக் குச்சி ஒன்றும் வாங்கினேன். அனுப்பிய கடை ‘ஒரிஜினலைவிட மேல்’ என்று எழுதியிருந்தது. மேலாவது கீழாவது! ஆர் பட்டனைப் பிடித்துக் குறி வைத்தால் சிவப்புக் குறி மூலைக்குத் தாவுகிறது. ஆட்டத்தைச் செய்த ரேர் கம்பெனி 1997-ல் அந்த ஆப்டிகல் குச்சியின் அளவுக்குத்தான் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணியிருக்கிறது. இதே ஆட்டம் 2023-ல் நின்டென்டோவின் புது மெஷினான ஸ்விட்சில் வந்துவிட்டது, அதில் ஆடினால் என்ன என்று மச்சான் கேட்கிறார். ஆடலாம்தான். ஆனால் அந்த நிதானமான நகர்வு என் கட்டைவிரலுக்கு அதில் கிடைக்கவில்லை.

அடுத்தது ஃபெசிலிட்டி என்ற இரண்டாம் கட்டம். 00 ஏஜென்ட் என்ற கடினமான நிலையில் 2 நிமிடம் 5 விநாடிக்குள் முடித்தால், குண்டு பட்டாலும் சாகாத சாகாவரம் என்ற சீட் (cheat) திறக்கும். கழிப்பறைக்கு மேலே குழாயிலிருந்து இறங்கி ஓடுவதெல்லாம் சரி, அந்தக் கட்டத்தில் வரும் டாக்டர் டோக் எங்கே நிற்பார் என்பதுதான் வம்பு. ஒவ்வொரு தடவையும் இடம் மாறுவார். அவரைப் பார்த்தால்தான் கதவு திறக்கும் கருவி கிடைக்கும். ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவரான டேவிட் டோக்கின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள், திட்டுவதற்கு ஆள் தெரிகிறது. குச்சியைக் குறை சொல்ல இனி வழியில்லை, இருந்தும் நேரம் இன்னும் தாண்டித்தான் போகிறது.

இதற்கு நடுவில் ராமநாதபுரத்தில் ஒரு காயலான் கடையில் 21 இன்ச் டப்பா டிவி பார்த்து வைத்திருக்கிறேன். எல்சிடியில் இந்தப் படம் கஞ்சி மாதிரிக் கலங்கித் தெரிகிறது. நாலு பேர் திரையைப் பிரித்து ஆடவும் அதுதான் லாயக்கு. ஆட்ஜாப் என்ற ஆளை எடுத்து ஆடக் கூடாது என்ற வீட்டுச் சட்டம் மட்டும் மாறாது, குள்ளன் என்பதால் குறி அவன் தலைக்கு மேலே போகும். கடைக்காரர் விலையில் இறங்க மாட்டேன் என்கிறார். மழைக்கு முன்னால் தூக்கிவிட வேண்டும், ஈரக்காற்று வந்துவிட்டால் அந்த ஹை வோல்டேஜ் ஒயர் உஸ்ஸென்று கத்த ஆரம்பிக்கும். இரண்டாவது கன்ட்ரோலரின் கிண்ணமும் தபாலில் வர வேண்டியிருக்கிறது.