எம்87 கருந்துளைப் படத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து மீட்டெடுத்தேன்

எம்87 என்பது தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலம். 2019 ஏப்ரல் 10 அன்று உலகமே பார்த்த, அதன் மையக் கருந்துளைப் படத்தின் தரவு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் அறையில் இருந்தபடி, சாதாரண லப்டொப்பில் அந்தப் படத்தை நானே உருவாக்கிப் பார்த்தேன். இங்கே உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் யாராவது முயல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னை இதில் இழுத்தவர் கேட்டி பௌமன். வானியல் வழியாக வந்தவரல்ல, மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்தவர். எம்ஐடியில் முனைவர் பட்ட ஆய்வின்போது, அரைகுறைத் தரவிலிருந்து படத்தை மீட்கும் முறைகளோடு அந்தப் படத்தை எடுத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழுவுக்குள் நுழைந்தார். இப்போது கால்டெக்கில் கற்பிக்கிறார்.

2017 ஏப்ரலில் ஹவாய், சிலி, மெக்சிக்கோ, அரிசோனா, ஸ்பெயின் என்று பரந்திருந்த தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் எம்87ஐப் பார்த்தன. பெட்டாபைட் கணக்கில் தரவு சேர்ந்ததால் ஹார்ட் டிஸ்க்குகளையே விமானத்தில் ஏற்றினார்கள். சுருக்கி வெளியிட்ட கோப்புகளோ நம் வீட்டு இணையத்திலேயே இறங்கிவிடும். இஎச்டி-இமேஜிங் என்ற பைதன் நூலகத்தை நிறுவினால் கோப்பும் திறந்துவிடும். சரி, கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

வளிமண்டலத்து நீராவி ஒவ்வொரு தொலைநோக்கிக்கு வரும் அலையையும் ஒவ்வொரு அளவில் தாமதப்படுத்துகிறது. தரவு என்பது தொலைநோக்கிகளைச் சோடி சோடியாக ஒப்பிட்டு எடுத்தது. தாமதத்தால் அதில் அவத்தைகள், அதாவது ஒரு அலை மற்றதைவிட எவ்வளவு முந்தி அல்லது பிந்தி நிற்கிறது என்ற அளவுகள், குழம்பிவிடும். அப்படியே கொடுத்தால் திரையில் கலங்கல்தான் வரும். வழி, மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாக எடுத்து, மூன்று சோடிகளின் அவத்தைகளையும் சுற்றிவரக் கூட்டுவது. நிலையங்களின் பிழைகளை அ, ஆ, இ என்று வைத்துத் தாளில் எழுதினேன்: (அ−ஆ)+(ஆ−இ)+(இ−அ). எல்லாம் வெட்டுப்பட்டுப் போய், வானத்தின் தகவல் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓ/எல் கணிதம் போதும் அதற்கு!

அந்தக் கூட்டுத்தொகைகளைக் கொடுத்து ஓடவிட்டபோது வளையம் வந்தது, தெற்குப் பக்கம் பிரகாசமாக. ஆனால் வளையம்தான் வரும் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தவன் நான். இவ்வளவு குறைந்த தரவுக்குப் பொருந்தும் படங்கள் எண்ணற்றவை. அதில் நான் விரும்பியதையே எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன உறுதி? குழுவினரும் இதற்கு அஞ்சித்தான் நான்கு அணிகளாகப் பிரிந்து, ஒருவரோடொருவர் பேசாமல் படம் செய்தார்கள். பிறகு தெரிந்த வடிவங்களைப் போலித் தரவாக்கித் தங்கள் முறைகளைச் சோதித்தார்கள். நானும் நடுவில் ஓட்டையே இல்லாத ஒரு தட்டை வரைந்து, அதே தொலைநோக்கிகள் பார்த்தது போல் போலித் தரவு செய்து, நிரலின் அதே அமைப்புகளில் (செட்டிங்ஸ்) ஓடவிட்டேன். தட்டு தட்டாகவே திரும்பி வந்தது. அதன் பிறகுதான் என் வளையத்தை நம்பினேன். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அமைப்புகளை மாற்றி மாற்றி இரவு முழுக்க ஓடவிட வேண்டிவரும். கரண்ட் போனாலும் நட்டம் வராதபடி, ஒவ்வொரு படத்தையும் உடனே சேமிக்கும்படி நிரல் எழுதுங்கள்.

2022இல் வெளியான, நம் பால்வீதியின் மையக் கருந்துளைத் தரவும் கிடைக்கிறது. அங்கே வாயு சில நிமிடங்களிலேயே சுற்றிவந்துவிடுவதால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறும். எம்87ஐ முடித்துவிட்டு அதில் கை வையுங்கள்.