அப்பா வாங்கி வைத்த சான்றிதழ்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே அப்பா இ-சேவை மையத்துக்குப் போய் என் பெயரில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். "இன்ஜினியரிங் படி" என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகைக்குத்தான் அது என்று எனக்குத் தெரியும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. வீட்டில் தம்பியும் இருக்கிறான். இதற்கு மேல் வாய்விட்டு வேறு சொல்லவேண்டுமா?

எனக்குப் பிடித்தது புள்ளியியல். கலந்தாய்வுக்குப் பதிவு செய்தபோது ஓடிபி அப்பாவின் போனுக்கு வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

நான் செய்த ஒரே நல்ல காரியம், அதே வாரத்தில் அரசுக் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்தது. அங்கே சேர்க்கை முன்னதாகவே நடந்துவிடும். பொறியியல் முடியட்டும் என்று காத்திருந்தால் நல்ல பாடங்களில் இடம் இருக்காது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இருந்த குரூப் எடுத்திருந்ததால் இரண்டு வழியும் திறந்திருந்தது. உண்மையில் வீட்டில் பேசவேண்டிய நேரம் அந்தக் குரூப் எடுக்கும் நாள்தான். நான் இரண்டு வருடம் தாமதம்.

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் பேசினேன். சித்தப்பா, மாமா எல்லாம் கூடியிருக்கும்போது மட்டும் பேசிவிடாதீர்கள். அவர்கள் முன்னால் அப்பாவால் இறங்கிவர முடியாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தனியாக. "எனக்கு இதில் ஆர்வம்" என்று ஆரம்பித்தேன், எடுபடவில்லை. அப்புறம் ஒரு தாளை நீட்டினேன். ஒரு பக்கம் இரண்டு படிப்புக்கும் ஆகும் செலவு. மறுபக்கம் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, டிஎன்பிஎஸ்சியில் புள்ளியியல் பட்டதாரிகளுக்கான பணிகள். அப்பாவின் பயம் இன்ஜினியரிங் பற்றியதே இல்லை, வேலை பற்றியது என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. யுபிஎஸ்சி என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது கலெக்டர் பரீட்சை நடத்துறவங்கதானே?" என்றார்.

"அவங்களேதாம்பா."

கலைக் கல்லூரிக் கலந்தாய்வு அன்று ஒரிஜினல்களை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார், அதே பிளாஸ்டிக் கவரில். முதல் பட்டதாரி சான்றிதழும் உள்ளே இருந்தது. இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.