பதிவறைத் தூசியும் மாத்திரைத் தூக்கமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் 2009 முதல் எழுத்தராகப் பணிபுரிகிறேன். தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய கட்டுகள் பலவும் எங்கள் பொறுப்பில் உள்ளன. செந்துணியில் சுற்றி, நாடாவால் இறுக்கி, ஆண்டும் எண்ணும் எழுதிய அட்டையைச் செருகி அடுக்கிய அந்தக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தால், காகிதத்துக்கு முன்பாக மாவு போன்ற பழுப்புத் தூசிதான் வெளியே வரும். அந்தத் தூசியோடு எனக்கு முதல் இரண்டு ஆண்டுகள் எந்தப் பகையும் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் கட்டடத்தின் கூரையில் ஒரு பகுதி பெயர்ந்து, இரண்டு அலமாரிகள் முழுவதும் நனைந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் கோப்புகளைத் தாள் தாளாகப் பிரித்து, தாழ்வாரத்தில் கயிறு கட்டி உலர்த்தினோம். வெளித்தாள்கள் உலர்ந்துவிட்டன, தைத்த முதுகுப் பகுதியில் ஈரம் தங்கிவிட்டது. மாசி பிறப்பதற்குள் அவற்றில் கரும்பச்சைப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தக் கட்டுகளைத் துடைத்து அடுக்கியது நான்தான். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கியதும் விடியற்காலை நான்கு மணிக்குத் தும்மல் என்னை எழுப்பத் தொடங்கியது. இருபது, முப்பது தும்மல்கள் தொடர்ந்து வரும். பிறகு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், பகலில் ஒரு பக்க மூக்கு அடைத்தே இருக்கும். தை கடைசியில் சற்று அடங்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் சி.பி.எம். என்னும் குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பட்டை சில ரூபாய்தான். "ராத்திரி ஒண்ணு போடுங்க, தும்மலும் நிக்கும், தூக்கமும் நல்லா வரும்" என்றார் கடைக்காரர். தூக்கமும் வரும் என்பதை ஒரு சலுகையாகவே நானும் எடுத்துக்கொண்டேன். ஏழு மழைக்காலங்களை அந்த மாத்திரையோடுதான் கடந்தேன்.

அந்த உறக்கத்தைச் சரியாக விவரிக்க வேண்டும். ஏனென்றால் அதை நல்ல உறக்கம் என்று நம்பித்தான் நான் இத்தனை ஆண்டுகளை இழந்தேன். படுத்த அரை மணி நேரத்தில் கிணற்றில் கல் விழுவதுபோல் விழுவேன். கனவு வந்த நினைவே இருக்காது. ஆனால் காலையில் எழும்போது உறங்கி எழுந்த தெளிவு இருக்காது. யாரோ தூக்கி உட்காரவைத்ததுபோல் இருக்கும். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். முதுநகரிலிருந்து வண்டியில் வரும்போது கெடிலம் பாலத்தைக் கடந்தேனா என்பது அலுவலக வாசலில் நின்று யோசித்தாலும் நினைவுக்கு வராத நாட்கள் இருந்தன. பதினொரு மணி வரை எழுத்துகள் கண்ணில் படும், மனத்தில் பதியாது. வயது ஏறுகிறது, வேலை கூடிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

2019 ஜனவரியில் அந்தக் காரணங்கள் எல்லாம் போதாமல் போயின. எங்கள் துறையில் ஒரு கோப்பு முடிவுக்கு வரும்போது, அதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறி இடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்து ஆண்டுகள், கே.டிஸ். என்றால் மூன்று, எல்.டிஸ். என்றால் ஒன்று. காலம் முடிந்தவற்றைப் பட்டியலிட்டு அழிக்க அனுப்ப வேண்டும். அன்று காலை நான் எழுதிக் கையெழுத்திட்ட பட்டியலில், ஆர்.டிஸ். என்று அட்டையிலேயே தெளிவாக எழுதியிருந்த இரண்டு நில எடுப்புக் கட்டுகளை டி.டிஸ். என்று சேர்த்திருந்தேன். கட்டுகளை வாசலுக்குச் சுமந்துகொண்டிருந்த அலுவலக உதவியாளர் அண்ணன்தான் திரும்பி வந்தார். "என்னம்மா, இது நெலம் எடுத்த கட்டு மாதிரி இருக்கே. இதையுமா போடச் சொல்றீங்க?"

அவர் கேட்டிராவிட்டால், யாரோ ஒரு குடும்பம் இழந்த நிலத்துக்கான ஒரே சான்று காகிதக் கூழாகியிருக்கும். கண்காணிப்பாளரிடம் நானே சென்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "ராத்திரி தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் மேடம் என்றேன். அதை நான் உண்மை என்றே நம்பிச் சொன்னேன்.

அன்றே சி.பி.எம்.மை விட முயன்றேன். அடுத்து நடந்தவை அதைவிடச் சிறப்பாக இல்லை. தூக்கம் வராது என்று சொல்லி வாங்கிய சளி மாத்திரையில் பினைல்எஃப்ரினும் காஃபீனும் இருந்தன. தூக்கம் வராது என்பது இரவுக்கும் பொருந்தியது. இரண்டு மணி வரை நெஞ்சு படபடக்க விழித்துக் கிடந்தேன். அதே மாத்திரையை, இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் அலுவலக உதவியாளர் அண்ணனுக்கும் ஒருநாள் நல்ல எண்ணத்தில் கொடுத்திருக்கிறேன். மூக்கடைப்பை விலக்கும் அந்த வகை மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்று பிறகு தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. பிறகு சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து. ஊற்றிய சில நிமிடங்களில் மூக்கு திறக்கும் அதிசயத்தில் மயங்கி மூன்று வாரம் பயன்படுத்தினேன். அதைத் தொடர்ந்து நான்கைந்து நாட்களுக்கு மேல் ஊற்றினால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கின் உட்சவ்வு முன்னைவிட வீங்கி அடைத்துக்கொள்ளும். சொட்டு மருந்துக்காகவே நள்ளிரவில் எழத் தொடங்கினேன்.

பிப்ரவரியில் புதுச்சேரியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். எத்தனை முறை தும்முகிறீர்கள் என்று கேட்பார் என எண்ணி, எண்ணிக்கையை மனத்தில் தயாராக வைத்திருந்தேன். அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இடையில் எத்தனை முறை எழுகிறீர்கள், எழுந்ததும் தலை எப்படி இருக்கிறது, வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். பிறகு தோலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதற்கு முன் ஒரு வாரம் ஒவ்வாமை மாத்திரை எதையும் தொடக்கூடாது. தொட்டால் தோல் பதில் சொல்லாது.

அந்த ஒரு வாரம் எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது. மழை நின்றிருந்தாலும் காலைத் தும்மல் மிச்சமிருந்தது. இரவில் இரண்டு முறையாவது எழுந்தேன். வழக்கத்தைவிடக் குறைந்த மணி நேரமே உறங்கினேன் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் நான்காம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு நகல் மனுவுக்கான கோப்பு எண்ணைப் பார்த்ததும், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கையேட்டைத் திறக்காமலேயே நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளாக இழந்திருந்த ஒரு திறமை அது. கனவுகளும் திரும்பி வந்தன. அந்த வாரம் தொடங்கி, படுத்த நேரம், எழுந்த நேரம், விழுங்கிய மருந்து, மறுநாள் பதினொரு மணிக்குத் தலை எப்படி இருந்தது என்ற நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். பதிவுகளைக் காப்பதே தொழிலாகக் கொண்டவள் என் உறக்கத்துக்கு ஒரு பதிவும் வைக்காமல் இருந்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

பரிசோதனை முடிவு எனக்கு எதிர்பாராதது. பூஞ்சைக்குத் தோல் தடித்தது உண்மை. ஆனால் வீட்டுத் தூசி உண்ணிக்கு அதைவிடப் பெரிதாகத் தடித்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரி தலையணையிலும் மெத்தையிலும், நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்வது. காற்றிலுள்ள ஈரத்தையே நீராகக் கொள்வதால் மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். ஏழு மழைக்காலங்கள் பதிவறையை மட்டுமே குற்றம் சொல்லிவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையில் ஏழு மணி நேரம் முகம் புதைத்து உறங்கியிருக்கிறேன்.

மருந்தைப் பற்றி மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மூக்கில் தும்மலையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருட்களில் ஒன்று. ஹிஸ்டமினைத் தடுக்கும் சி.பி.எம். போன்ற முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து அந்த விழிப்பை அணைக்கின்றன. கனவு வரும் உறக்கக் கட்டத்தையும் அவை குறைக்கின்றன. உடலில் சி.பி.எம்.மின் அளவு பாதியாகக் குறைவதற்கே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும் என்பதைக் கேட்டபோதுதான், இரவு பத்து மணிக்கு விழுங்கியது மறுநாள் பட்டியலில் கையெழுத்திட்டபோதும் என்னுள் இருந்தது என்பது விளங்கியது. இந்த வகை மருந்துகளை முதலில் கண்டறிந்ததில் பெரும்பங்கு வகித்த டேனியல் போவேவுக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் அந்தக் கண்டுபிடிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ வந்துவிட்டன என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அவர் எழுதியது ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானும், தேவைப்படும் நாட்களில் மட்டும் ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரையும். ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அநேகமாக நுழைவதில்லை. அதைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறைந்துவிடும், வெறும் தண்ணீரே போதும் என்றார். தெளிப்பானைப் பற்றி எனக்கிருந்த அச்சத்தை ஸ்டீராய்டு என்ற சொல்லே உண்டாக்கியிருந்தது. மூக்கில் படும் அளவு மிகக் குறைவு, உடலெங்கும் பரவுவது அதனினும் குறைவு என்று விளக்கினார். முழுப்பயன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இட மூக்கிலும் இடக்கையால் வல மூக்கிலுமாக, நடுத்தண்டின் மீது படாமல் வெளிப்பக்கம் நோக்கித் தெளிக்க வேண்டும். நேராக நடுத்தண்டில் தெளித்து மூக்கில் இரத்தம் வரவழைத்துக்கொண்டு, மருந்தே ஆகாது என்று விட்டவர்களை எங்கள் அலுவலகத்திலேயே அறிவேன்.

அந்த ஆண்டு இறுதியில் மழை வலுத்தபோது, இடையில் வேறொருவர் மான்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஆறு இரவுகள் பதறி எழும் கனவுகள். குறிப்பேட்டில் எழுதியிருந்ததால் எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட முடிந்தது, என் மருத்துவர் உடனே நிறுத்தினார். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மான்டெலுகாஸ்ட்டின் மனநல, உறக்கப் பாதிப்புகளுக்காக அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அறிவித்தது. பலருக்கு அந்த மருந்து எந்தத் தொல்லையும் தருவதில்லை, எனக்குத் தந்தது.

மருந்துக்கு வெளியே செய்தவையே எனக்கு அதிகம் உதவின என்று நினைக்கிறேன். மெத்தையை விட்டுக் கோரைப்பாய்க்கு மாறினேன். தலையணை உறைகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கலந்து மாலையில் வீட்டுக்கு வந்ததும் மூக்கைக் கழுவுகிறேன். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்துவது ஆபத்து. பதிவறையில் இறகுத் துடைப்பத்தை ஒழித்துவிட்டு ஈரத்துணியால் அலமாரியைத் துடைக்கிறோம். பூஞ்சை பிடித்த கட்டுகளை முகக்கவசம் இன்றி அவிழ்ப்பதில்லை. 2020-க்கு முன்பு நான் முகத்தில் துணி கட்டியபோது சிரித்தவர்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

முற்றிலும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, பெண்ணையாற்று வெள்ளம் கடலூரைச் சூழ்ந்த வாரத்தில் சுவர்களெல்லாம் வியர்த்தன. நான்கு மணித் தும்மல் மூன்று நாட்கள் திரும்பி வந்தது. எழுந்து மூக்கைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் தூக்கம் குறைந்ததே தவிர, பகல் கலங்கவில்லை.

கண்காணிப்பாளரிடம் அன்று கேட்டுப் பெற்ற ஓர் ஏற்பாட்டை மட்டும் இன்றுவரை நான் மாற்றவில்லை. அழிப்புப் பட்டியல் வேலை எங்கள் பதிவறையில் ஐப்பசி முதல் தை வரை நடப்பதில்லை. மாசி பிறந்த பிறகு, காலை பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்குகிறோம். அட்டையில் உள்ள குறியை அண்ணன் உரக்கப் படிக்க, நான் எழுதுகிறேன்.