வேளச்சேரியில் ஓர் அறை காலி: ரூம்மேட் தேடும்போது பேச வேண்டியவை

இணையத்தில் ரூம்மேட் தேடி விளம்பரம் இடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், அட்வான்ஸ் இவ்வளவு, மெயின்டனன்ஸ் இவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர் எத்தனை மணிக்கு எழுவார், வீட்டில் சமைப்பாரா, சனி ஞாயிறுகளில் யார் யார் வந்து தங்குவார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இருக்காது. வந்து சேருகிறவர் நாள்தோறும் கூடி வாழப்போவது அந்த மனிதரோடுதான் என்பதால், விளம்பரத்தில் முதலில் இடம்பெற வேண்டியவை அந்த விவரங்களே என்பது என் உறுதியான எண்ணம்.

என்னோடு நெடுநாள் தங்கியிருந்த தோழி திருமணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனபோது, வேளச்சேரியில் நாங்கள் எடுத்திருந்த வீட்டின் முழு வாடகையும் என் ஒருத்தியின் சம்பளத்தில் வந்து விழுந்தது. அலுவலகம் தரமணியில் இருக்கிறது. வேளச்சேரியில் ரயில் ஏறினால் பெருங்குடி, அதற்கடுத்தது தரமணி என்னும் வசதியை விட்டுவிட்டு மறுபடியும் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போக எனக்கு மனமில்லை. ஊர்க்காரர்கள், உறவினர்கள் வழியாக ஆள் தேடலாம் என்று அம்மா சொன்னார். அப்படி வருகிறவரோடு ஒரு மனக்கசப்பு ஏற்பட்டால் அது இரண்டு குடும்பங்களுக்குள்ளும் போய்ச் சேரும் என்பதால், முன்பின் அறியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிச் சேர்ந்துகொள்வதே நல்லது என்று தோன்றியது. ஆகவே முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வாடகை வீட்டுத் தளங்களிலும் விளம்பரம் இட்டேன்.

விளம்பரத்தில் இப்படி எழுதினேன்: "விஜயநகர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் அறை காலியாக உள்ளது. பெண்களுக்கு மட்டும். நான் காலை ஐந்தரைக்கு எழுந்து சமைப்பேன்; ஆறரை மணிக்கு மிக்சி ஓடும். இரவு பத்தரைக்குக் கூடத்தில் விளக்கை அணைத்துவிடுவேன். முட்டை, மீன், கறி எல்லாம் சமைப்பேன். மாதத்தில் ஓரிரு நாட்கள் என் அம்மா வந்து தங்குவார். சமையலறை மேடையை இரவே துடைத்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. உடன் தங்குகிறவரும் அப்படிச் செய்தால் மகிழ்வேன்." வாடகை விவரங்கள் அதற்குக் கீழே இருந்தன. இவ்வளவு எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அலுவலகத் தோழி ஒருவர் எச்சரித்தார். அழைப்புகள் குறைந்தது உண்மைதான். ஆனால் பொருந்தாதவர்கள் படித்தவுடனேயே விலகிக்கொண்டார்கள். கூப்பிட்டவர்கள் அனைவரும் நேராக விஷயத்துக்கு வந்தார்கள். பத்துப் பேரை ஈர்ப்பதைக் காட்டிலும், பொருந்தாத ஒன்பது பேரைத் தாமாகவே விலகச் செய்யும் விளம்பரம்தான் இருதரப்புக்கும் நன்மை செய்கிறது.

அப்படி விலகியவர்களில் ஒருவரை நான் மதிப்போடு நினைத்துக்கொள்கிறேன். துரைப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண். பேச்செடுத்ததுமே, "அக்கா, எனக்கு நைட் ஷிஃப்ட். கேப்ல வந்து இறங்கவே காலையில ஆறு மணி ஆயிடும். ஆறரைக்கு மிக்சி போடுவேன்னு எழுதியிருக்கீங்களே, நான் அப்பதான் கண்ணை மூடுவேன்" என்றார். மிக்சியை முந்தைய இரவே ஓட்டிவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒரு வாரம் ஓட்டுவீங்க அக்கா, அதுக்கப்புறம் உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்று அவர் சொன்னபோது, என்னைவிட வயதில் எவ்வளவோ இளையவரான அந்தப் பெண் இந்த விஷயத்தை எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறார் என்று வியந்தேன். உறங்கும் நேரத்தை இணக்கத்தின் முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்த உரையாடலும் ஒரு காரணம். விருப்பமான நடிகர், சொந்த மாவட்டம், படித்த கல்லூரி ஆகியவை ஒத்துப்போவதால் முதல் சில மாலைகள் இனிமையாகக் கழியலாம். அதற்குப் பின் வருகிற மாதங்களைத் தீர்மானிப்பவை தூக்கமும் சமையலறையும் பணமும்தான்.

சில தளங்களில் பழக்கவழக்கங்களைக் கேட்டு, இருவருக்கும் இத்தனை விழுக்காடு பொருத்தம் என்று கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். கணினித் துறையில் இருப்பதால் இதன் பின்னே உள்ள ஒரு பழைய கணிதச் சிக்கலைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள், இரண்டு தனித்தனி அணிகளில் உள்ளவர்களை அவரவர் விருப்ப வரிசைப்படி நிலையாக, அதாவது தத்தம் துணையை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் சேர விரும்பும் இருவர் இல்லாதபடி, இணைத்துவிட எப்போதும் வழி உண்டு என்று நிறுவினார்கள். 2012-இல் ஷேப்லிக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். அதே கட்டுரையில், ஒரே அணிக்குள்ளேயே இருவர் இருவராகச் சேர வேண்டிய அறைத்தோழர் சிக்கலுக்கு இந்த உறுதி கிடையாது என்பதையும் காட்டினார்கள். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் மிகவும் விரும்புகிறார்கள். நான்காமவரை மூவருமே கடைசியில் வைத்திருக்கிறார்கள். இவர்களை எப்படிச் சேர்த்தாலும், நான்காமவரோடு இருப்பவரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் அடுத்த அறையில் இருந்தே தீருவார். 1985-இல் ராபர்ட் இர்விங் என்பவர், நிலையான இணைப்பு இருக்குமானால் அதை விரைவாகக் கண்டுபிடிக்கவும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லவும் ஒரு வழிமுறை வகுத்தார். இல்லாத இணைப்பை எந்த நிரலாலும் உண்டாக்கித் தர முடியாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு கேள்வியை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்: "உங்களுடன் தங்க விரும்பும் தோழி வேறு யாராவது சென்னைக்கு வரப்போகிறாரா?" கல்லூரித் தோழிக்கு வேலை கிடைக்கும் வரை, அக்காவுக்கு மாற்றல் வரும் வரை என்று தற்காலிகமாக அறை தேடுகிறவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அதில் பிழையேதும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஆள் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு அவர்கள் நல்ல துணையாகவும் இருப்பார்கள். நீண்ட காலத்துக்கு ஒருவரை எதிர்பார்க்கிறவர் மட்டும் இதைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. நான் கேட்டபோது ஒருவர் சற்றுத் தயங்கி, ஜூன் மாதம் தன் தோழி வரக்கூடும் என்று சொன்னார். அத்துடன் நல்லவிதமாகப் பேசி முடித்துக்கொண்டோம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வாடகையை ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்வது எளிது. சண்டை வருவது ஈபி பில்லில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016-இல் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஒருவர் அறையில் ஏசி இருந்து, இரவுக்கு எட்டு யூனிட் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அது மட்டுமே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஆகிறது. மின்விசிறியோடு உறங்குகிற மற்றவர் அந்தக் கட்டணத்தில் பாதியைக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? எங்கள் வீட்டில் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஏசி இணைப்புக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்தோம். ஈபி ஊழியர் வந்து கணக்கெடுக்கும் அதே நாளில் அதையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துவிடுகிறோம். மொத்த யூனிட்டில் ஏசி ஓடிய பங்கைக் கழித்துவிட்டு, மீதியை இரண்டாகப் பிரிக்கிறோம். 500-ஐத் தாண்டியதால் கூடுதலாக வந்த தொகை ஏசி உள்ள அறைக்குரியது என்று முதலிலேயே பேசிக்கொண்டதால், மே மாதத்து பில் வரும்போதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சமையல் எரிவாயு, இருபது லிட்டர் கேன் தண்ணீர், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் இவற்றைப் பாதியாகப் பிரிப்பதில் எங்களுக்குச் சிக்கல் வந்ததில்லை. தண்ணீரைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு இந்த நகரம் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, வாஷிங் மெஷினை வாரத்துக்கு எத்தனை முறை ஓட்டுவது என்பது அற்பமான கேள்வியாகத் தெரியாது.

உணவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இங்கே என் மனம் கொதித்ததையும் சொல்ல வேண்டும். "சமையலறையில் அசைவம் வேண்டாம்" என்று ஒருவர் விரும்பினால் அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்கு ஒப்பாதவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். அந்தக் கேள்வியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு சாதியை விசாரிப்பது வேறு. என்னை அழைத்த ஒருவர், மீன் சமைப்பேன் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பரவாயில்லைங்க, நீங்க என்ன ஆளுங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, எங்க வீட்டுல கேப்பாங்க" என்றார். அந்த விவரத்தைச் சொல்லப்போவதில்லை என்று கூறி அழைப்பை முடித்துக்கொண்டேன். ஒரே குளிர்சாதனப் பெட்டியையும் ஒரே அடுப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டியவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்க, பிறப்பைக் கேட்கிற இந்த வழக்கம் இணையத்துக்கும் குடிவந்துவிட்டதைப் பார்க்க எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

இப்போது என்னோடு இருப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பெருங்குடியில் வேலை பார்க்கிறார். முதலில் வீடியோ அழைப்பில் பேசினோம். பிறகு ஒரு சனிக்கிழமை வெளியே ஒரு கடையில் காபி குடித்தபடி சந்தித்தோம். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அறையைப் பார்ப்பதற்கு முன் சமையலறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, "அக்கா, எனக்கு எந்தத் தட்டு? மாவுச் சட்டி உங்களுது இருக்கட்டும், நான் என்னுதைக் கீழே வெச்சுக்கிறேன். மீன் கழுவுனா சிங்க்கை உடனே தேய்ச்சு விட்டுருவேன், எனக்கு அந்த வாடை ஆகாது" என்றார். அவர் சொன்ன அந்தச் சிறிய விவரங்களே எனக்குப் போதுமானவையாக இருந்தன. அன்று மாலையே வீட்டு உரிமையாளரிடம் பேசினேன்.

முன்பணம் தொடர்பாக ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறவர்களிடம், அவர்கள் தங்களை எந்தப் பதவியில் இருப்பவராகச் சொல்லிக்கொண்டாலும், ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய பின் (PIN) எண்ணைப் போடுங்கள் என்று அறை தேடுகிறவர்போலப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். யூபிஐயில் பணம் பெற அந்த ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அடையாளச் சான்று கேட்கும்போதும் கொடுக்கும்போதும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது.

வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் ஆளைச் சேர்த்துக்கொள்வது பலர் செய்கிற காரியம். நான் அதை ஏற்கவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடவும் கூடாது. எங்கள் உரிமையாளர் தயங்காமல் சம்மதித்து, புதியவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். அதனால் நாளைக்கு நான் வேறு ஊருக்குப் போனாலும் அந்தப் பெண் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை.

அதற்கு மேல் எங்கள் இருவருக்கு இடையிலும் ஒரு பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டோம். வெளியேற விரும்புகிறவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மாற்று ஆளை இருவரும் சேர்ந்தே தேட வேண்டும். புதிதாக வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்து போகிறவரின் பங்கு அன்றே திரும்பிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் பரவலான வழக்கம் என்பதால், அந்தத் தொகை கடைசியாகப் போகிறவர் தலையில் மட்டும் விழாமல், அவரவர் தங்கியிருந்த மாதங்களின் விகிதத்தில் பிரித்துக்கொள்வது என்றும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்டோம்.