எழுதி வைத்த ஜெபம்

"பெரியம்மா, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதெல்லாம் ஜெபமாகுமா?" என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் தங்கை மகன் அடிக்கடி கேட்பான். மெதடிஸ்தர்களாகிய நாங்கள் இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1733இல் வெளியிட்ட முதல் நூலே வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் எழுதப்பட்ட ஜெபங்களின் தொகுப்புதான். அதே வெஸ்லி, 1784இல் அமெரிக்காவிலிருந்த தம் பிரசங்கிமாருக்கு எழுதியபோது, ஞாயிறு ஆராதனையை அச்சிட்ட முறைமைப்படி நடத்தவும், புதனும் வெள்ளியும் லித்தானியாவை (போதகர் சொல்லச் சொல்லச் சபையார் மறுமொழி கூறும் விண்ணப்ப வரிசையை) மட்டும் வாசிக்கவும், மற்ற நாட்களில் புத்தகமில்லாமல் மனதிலிருந்து ஜெபிக்கவும் ஆலோசனை கூறினார்.

எழுதி வைத்த ஜெபத்தின் வலிமையை நான் உணர்வது, ஆண்டின் தொடக்கத்தில், கடவுளுக்கு எங்களை மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையில். 1755 ஆகஸ்ட் 11ஆம் திகதி லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில், ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவிக்க, வெஸ்லி இதை முதன்முறையாக நடத்தினார். அன்று அவர் பயன்படுத்திய சொற்களும் அவருடைய சொந்தச் சொற்கள் அல்ல. பியூரிட்டன் (இங்கிலாந்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவு) போதகர் ரிச்சர்ட் அலீனின் நூலிலிருந்து எடுத்தவை. 'நான் இனி எனக்குச் சொந்தமானவன் அல்ல' என்று தொடங்கும் இன்றைய ஜெபத்தில், உமக்காக வேலை செய்யவும், உமக்காக வேலையின்றி ஒதுக்கி வைக்கப்படவும் சம்மதம் என்னும் பொருளில் ஓர் இடம் வரும். பல வருடங்கள் ஓய்வுநாள் பாடசாலை நடத்திய என் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த வருடம், சபையார் வீட்டுக்கே வந்து அதைச் சொன்னபோது, அந்த இடத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. "சம்மதமில்லாததைச் சொல்லி ஆண்டவரை ஏமாற்றலாமா?" என்றார். அடுத்த வருடம் சொன்னார், மெல்லிய குரலில். நாமாகவே ஜெபித்தால், ஒதுக்கி வைக்கப்படுவதற்குச் சம்மதம் என்று யார்தான் கேட்போம்? நமக்கு வேண்டியதைத்தானே அடுக்குவோம்!

வீட்டில் மாலை வேளையில் ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, பிறகு அவரவர் சொந்த வார்த்தைகள் என்பதே எங்கள் வழக்கம். அதில் சொல்ல அதிகமில்லை; பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளின் பக்தி கூடும்.

தினசரி வாழ்வோடு ஜெபத்தைப் பிணைத்தது, மெதடிஸ்தர்கள் சிறு குழுக்களாகக் கூடும் வகுப்புக் கூட்டமே. 1742இல் பிரிஸ்டல் ஆலயத்தின் கடனை அடைக்க, ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி சேர்ப்பதாக ஏற்பாடானது. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் வியாதியையும் கண்டார்கள். வசூல் ஏற்பாடு அப்படியே மேய்ப்புப் பணியானது. எங்கள் சபையில் இப்போது ஜெப விண்ணப்பங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன; கைகூப்பிய சின்னம் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விண்ணப்பம் அனுப்பியவரின் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் யாராவது ஒருவர் போக வேண்டும் என்று பெண்கள் ஐக்கியத்தில் கேட்டிருக்கிறேன். பெயர்ப் பட்டியல் போடும் வேலையும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது.