காது ஆபரேஷன் ஆய்வில் அம்மாவைச் சேர்த்த கதை: போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அம்மாவின் வலது காதில் சீழ் வடியும். சளி பிடித்தால் கூடும், வெயில் காலத்தில் கொஞ்சம் காயும். பஞ்சை அடைத்துக்கொண்டே இருபத்தைந்து வருஷமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து தருவார்கள், ஒரு மாதம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். போன வருஷம்தான் பிடிவாதமாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், அவ்வளவு போதும்.

காதுச் சவ்வில் ஓட்டை, ஆபரேஷன் செய்து அடைக்கலாம் என்றார்கள். காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையில் ஒட்டுவார்களாம். இப்படி ஒட்டியவர்களுக்குச் சவ்வு எத்தனை பேருக்குப் பிடிக்கிறது, கேட்கும் திறன் எவ்வளவு கூடுகிறது என்று ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று ஓர் இளம் பெண் டொக்டர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். அதற்குப் பிறகுதான் அலைச்சல் தொடங்கியது.

சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. தமிழ் எங்கே என்று கவுண்டரில் கேட்டேன். "தமிழ் முடிந்துவிட்டது, இதிலேயே கையெழுத்துப் போடுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்றார் அங்கிருந்தவர். நான் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கப் போட்டோ கொப்பி மெஷின் முன்னால்தான் நிற்கிறேன். ஒரு தாளைப் பிரதி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். நான் வாங்கி வைத்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடுகிற கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் கிடையாது. அன்றைக்கு அப்படியே திரும்பினோம். அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனது, 1350 ரூபாய். என் சம்பளத்திலும் பிடித்தார்கள். ஆனால் அந்த நாளுக்காக நான் வருத்தப்படவில்லை.

அடுத்த கிளினிக்கில் அந்த டொக்டரே ஒரு தமிழ்ப் பிரதியைத் தேடி எடுத்துத் தந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அதில் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ஆய்விலிருந்து விலகலாம் என்பது ஒன்று. விலகினாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பது மற்றது. இது யாரும் தயவாகத் தருவதில்லை. 1964இல் உலக மருத்துவச் சங்கம் கொண்டுவந்த ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்கிற உரிமை. இந்த இடத்தை வாசித்தபோதுதான் அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப மாட்டேன்னு சொன்னா ஆபரேஷன் பண்ணாம விட்டுற மாட்டாங்களா?" என்று கேட்டார். அதுவரை மனதுக்குள் அந்தப் பயத்தோடுதான் என்னுடன் வந்துகொண்டிருந்தார், எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தைப் போட்ட பிறகு, படிவத்தை ஒரு நாள் இரவல் வாங்கிப்போய் இருபத்தைந்து பிரதி எடுத்து, அடுத்த முறை கவுண்டரில் கொடுத்தேன். இப்போது அங்கே தமிழ்ப் படிவம் இருக்கிறது.

அடுத்தது ஹியரிங் டெஸ்ட். ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அம்மாவை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். உள்ளே இருந்தவர் சிங்களத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். என்னை உள்ளே விடவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்தது, ரிப்போட்டும் வந்தது, கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னார்: "நல்லா கேட்டுச்சு புள்ள. தகரத்துல மழ பெய்யுற மாதிரி ஒரு சத்தம், விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நானும் அமுக்கிக்கிட்டே இருந்தேன்." எனக்குச் சுருக்கென்றது. நல்ல காது குறுக்கே வந்து உதவக்கூடாது என்பதற்காக அந்தக் காதில் இரைச்சலைக் கொடுத்துவிட்டுத்தான் கெட்ட காதைச் சோதிப்பார்கள். இரைச்சலைக் கண்டுகொள்ளாமல், 'பீப்' என்று வரும் மெல்லிய சத்தத்துக்கு மட்டும்தான் அமுக்க வேண்டும். அம்மாவோ மழைக்கு அமுக்கியிருக்கிறார். ரிப்போட்டை எடுத்துப் பார்த்தேன், வலது காது 25 டெசிபெல் என்று இருந்தது. இந்த எண் குறைந்தால் நன்றாகக் கேட்கிறது, கூடினால் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதவருக்கு 25ஆ?

மறுபடி போனோம், மறுபடி ஒரு பேர் போனது. ஏன் திரும்ப எடுக்க வேண்டும், மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். டொக்டரிடம் மழைக் கதையைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து, காதுக்குப் பக்கத்திலும் பின் எலும்பிலும் தட்டினால் ஒலிக்கும் இசைக்கவையை வைத்துப் பார்த்துவிட்டு, தாமே சோதனை அறைக்கு வந்தார். இந்த முறை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் சொன்னேன்: "மழைய வுட்டுருங்கம்மா. உள்ள குருவி கத்துற மாதிரி வரும், அதுக்கு மட்டும் அமுக்குங்க." 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்த்துச் சராசரி 48 வந்தது. அந்த 25 அப்படியே இருந்திருந்தால், ஆபரேஷனால் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை என்று ஆய்வில் பதிவாகியிருக்கும்.

ஆபரேஷன் ஒரு தடவை சளியால் தள்ளிப்போனது, அப்புறம் நல்லபடியாக முடிந்தது. வார்டில் நன்றாகக் கவனித்தார்கள்.

துண்டு வெட்டும்போது, அதாவது வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கவனமாக இருங்கள். காதில் தண்ணீர் படக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தையல் காதுக்குப் பின்னால் இருக்கிறது, கூடை நிறைந்தால் கயிறு தலையையும் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். நானே கையால் காட்டிக் கேட்டேன். டொக்டர் பதறிப்போய், ஆறு வாரத்துக்குக் கூடையே வேண்டாம் என்று எழுதித் தந்தார். லீவுக்கான மெடிக்கல் சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். பிறகு தோட்டத்துக் கிளாக்கர் கேட்கும்போது அதற்கென்று ஒரு பயணம் போக முடியாது.

ஆறு மாதம் கழித்து வரவேண்டிய திகதியைக் கடிதத்தில் அறிவிப்போம் என்றார்கள். நாங்கள் இருப்பது லயம், தோட்டத்து வரிசை வீடு, எங்களுக்கென்று தனி முகவரி கிடையாது. தோட்டம், டிவிஷன் என்று போட்டால் கடிதம் ஒப்பீஸுக்குப் போகும், அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. எங்கள் கைக்கு வந்தபோது திகதி தாண்டி ஒன்பது நாள். அடித்துப்பிடித்துப் போனால், கவுண்டரில் ஏட்டைப் புரட்டி, "நீங்கள் வரவில்லை என்று போட்டாயிற்று, இனி பார்க்க மாட்டார்கள்" என்றார் அதே மனிதர். கடித உறையிலிருந்த தபால் முத்திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பதினொரு மணி வரை டொக்டர் வரும் வழியில் நின்று பிடித்தேன். அவர் கோபப்படவில்லை, சோர்ந்துபோனார். வராமல் போனவர்களில் நிறையப் பேர் தோட்டத்து முகவரிக்காரர்கள்தான் என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. சவ்வு பிடித்து நன்றாகக் கேட்கிறவர் ஒரு நாள் பேரை ஏன் விடப்போகிறார்? திரும்பச் சீழ் வந்தவர் வெறுத்துப்போய்ச் சொட்டு மருந்துக்கே போயிருப்பார். இரண்டு பேரும் 'வரவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். கடைசியில், நம் ஆட்களுக்கு இந்த ஆபரேஷன் உதவியதா என்று ஆய்வைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடிதம் வேண்டாம், போன் எடுங்கள், வீட்டில் ஒரு நம்பர், பக்கத்து வீட்டில் ஒரு நம்பர் என்று இரண்டு வாங்குங்கள் என்றேன். அவர் அங்கேயே தன் கொப்பியில் குறித்துக்கொண்டு, அம்மாவின் பெயரைத் திரும்ப ஏட்டில் சேர்த்தார்.

அன்றைக்குப் பார்த்ததில் சவ்வு முழுசாகப் பிடித்திருந்தது. டெஸ்டில் 27. கேள்வித்தாளில் 'உணவகத்தில் பேச்சு விளங்குகிறதா' என்று ஒரு கேள்வி இருந்தது. அம்மா யோசித்துவிட்டு, "அது தெரியாதுங்க. பெரட்டுல பேர் கூப்பிடுறது கேக்குது. முன்னாடி கங்காணி பக்கத்துலயே போய் நிப்பேன், இப்ப எங்க நின்னாலும் கேக்குது" என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம். நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் அதைக் கேள்விக்குப் பக்கத்தில் ஓரமாக எழுதிக்கொண்டார்.

ஒரு வருஷப் பரிசோதனை வருகிற மாதம். இந்த முறை போனில் கூப்பிட்டே திகதி சொன்னார்கள்.