எடை மேடையில் முப்பது விநாடி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை ஆலையில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடிந்ததும் குலை ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே லாரிகளை நிறுக்கும் எடை மேடை நின்றால் எல்லோர் வயிற்றிலும் புளி கரையும்.

எடை மேடைக்குப் புதிய கணினி வந்த மறுநாளே கிராணியார் (எழுத்தர்) அழைத்தார். "தம்பி, ஐந்து லாரி நிற்கிறது. சர்வர் கிடைக்கவில்லை." போய்ப் பார்த்தால், வலையில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. முகவரி கேட்டுக் கேட்டு, பதில் வராமல், கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளை மாற்றினேன், பயனில்லை. பிறகுதான், கணினிகளை வலையில் இணைக்கும் பெட்டியான ஸ்விட்சின் விளக்கைக் கவனித்தேன். பச்சையாக மாற முப்பது விநாடி ஆனது.

காரணம் ஸ்பானிங் ட்ரீ. ஈதர்நெட் கேபிள் வலையில் தரவு சட்டகம் என்ற துண்டுகளாகப் போகும்; இத்தனை தாவலுக்குப் பின் அழிய வேண்டும் என்ற ஆயுள் எண்ணிக்கை சட்டகத்துக்குக் கிடையாது. பாதை வளையமாகிவிட்டால் அது ஓயாமல் சுற்றும். அதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை இது. புதிதாக உயிர்பெறும் போர்ட் (ஸ்விட்சில் கேபிள் செருகும் துளை), 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன்பின்பே தரவை அனுப்பும். பழைய கணினி எழுந்திருக்கவே அதைவிட அதிக நேரம் பிடித்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. புதியதோ சீக்கிரம் எழுந்து, போர்ட் திறக்கும் முன்பே முகவரி கேட்டு ஓய்ந்துவிட்டது. ஸ்விட்சுகளை ஆர்எஸ்டிபி என்ற வேகமான ஸ்பானிங் ட்ரீ முறைக்கு மாற்றிய பிறகும் அந்த போர்ட்டில் காத்திருப்பு குறையவில்லை. ஸ்விட்ச் கேட்கும் கேள்விக்குக் கணினி பதில் சொல்லாது. எனவே இது கடைக்கோடி போர்ட், இதற்கப்பால் வேறு ஸ்விட்ச் இல்லை என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். சிஸ்கோ நிறுவன ஸ்விட்சுகளில் அந்த அமைப்பின் பெயர் போர்ட்ஃபாஸ்ட்.

அந்த அமைப்பை இட்டதும் விளக்கு உடனே பச்சையானது. அந்த மகிழ்ச்சியில் அலுவலகத்துச் சுவர் போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் அதையே இட்டேன். அங்கேதான் தவறினேன். கணக்கர் மேசைக்கு அடியில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருந்தது எனக்குத் தெரியாது. சுத்தம் செய்தவர், தொங்கிக்கிடந்த அதன் கேபிளை நல்லெண்ணத்தோடு அருகிலிருந்த இன்னொரு சுவர்த் துளையில் செருகிவிட்டார். இரண்டு போர்ட்டும் காத்திராமல் திறந்தன; பாதை வளையமாகிவிட்டது. எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடித்தன. ஸ்விட்சுக்குள் நுழையவே முடியவில்லை. வளையத்தைக் கண்டுபிடிக்க ஸ்விட்சுகள் 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பிபிடியு செய்தி அந்த வெள்ளத்தில் அமுங்கியிருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கிய பிறகே ஆலைக்கு மூச்சு வந்தது.

அன்று மாலை மேசை மேசையாகக் குனிந்து, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று எழுதினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பிறகு கடைக்கோடி போர்ட்டுகள் அனைத்திலும் பிபிடியு கார்டு (guard) என்ற காவலை இட்டேன்: பிபிடியு வந்தால் அந்த போர்ட் மட்டும் அடைபடும். ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் இதை இடவே கூடாது. அடைபட்டது 300 விநாடிக்குப் பின் தானே திறக்கும்படியும் வைத்தேன். வளையம் அப்படியே இருந்தால் மறுபடி அடைந்துகொள்ளும். பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்பானிங் ட்ரீயில் ஒரு ஸ்விட்ச் எல்லாப் பாதைகளுக்கும் மையமான வேராகும்; முன்னுரிமை எண் குறைந்ததே வேர். எல்லா ஸ்விட்சிலும் அந்த எண் 32768 என்றே கிடந்ததால், மிகக் குறைந்த மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) கொண்ட பம்பு அறைப் பழைய ஸ்விட்ச் வேராகிவிட்டிருந்தது. பிரதான ஸ்விட்சுக்கு 4096 கொடுத்து அதைச் சரிசெய்தேன்.

ஞாயிறன்று ஆலை ஓய்ந்திருந்தபோது கிராணியாரை எடை மேடைக் கணினி முன் உட்காரவைத்து, அதே கேபிளை அதே துளையில் நானே செருகினேன். கணக்கர் மேசைக்கான போர்ட்டின் விளக்கு அணைந்தது. "அண்ணே, திரை நின்றுவிட்டதா?" என்று கத்தினேன். "இல்லை தம்பி, ஓடிக்கொண்டே இருக்கிறது" என்று பதில் வந்தது.